எழுத்துக்குப் பிறகுதான் புத்தகமா?

பிரதம் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் 'அசர்' ஆய்வுக்கு வீடு தேடி வரும் தன்னார்வலர் கையில் ஒரே ஒரு தாள்தான் இருக்கும். சில எழுத்துகள், சில எளிய சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு குட்டிக் கதை. பிள்ளை எதுவரை வாசிக்கிறதோ அதுவே அதன் நிலை. 2022 அறிக்கையின்படி, தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்தக் கதையை வாசித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. ஐந்தாம் வகுப்பில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். அதே ஆண்டில் அகில இந்திய அளவு மூன்றாம் வகுப்பில் 20.5 விழுக்காடு, ஐந்தாம் வகுப்பில் 42.8 விழுக்காடு. கொரோனாவின் மேல் பழி போட்டுத் தப்பிக்க வழியில்லை. 2018-இலேயே நம் எண்கள் நாட்டின் சராசரிக்குக் கீழே இருந்தன. 2024-இல் ஓரளவு ஏறின, அவ்வளவுதான்.

அறிக்கை வெளிவரும்போதெல்லாம் ஒரு வாரம் சண்டை நடக்கும். எதிர்க்கட்சி அரசைக் கேட்கும். அரசு ஆய்வு முறையைக் கேட்கும். ஆசிரியர்கள் இருவரையும் கேட்பார்கள். ஆசிரியர்களின் மறுப்பில் நியாயம் உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் வாய்விட்டு வாசிப்பது ஏழு வயதுப் பிள்ளைக்குக் கூச்சமான காரியம். அந்தத் தாள் வாசிப்பை அளக்கிறதே தவிர, வாசித்தது புரிந்ததா என்று ஆழமாகக் கேட்பதில்லை. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பள்ளிச் சேர்க்கை ஏறக்குறைய முழுமையாகிவிட்ட, சத்துணவும் விலையில்லாப் பாடநூலும் கடைக்கோடிக் கிராமம்வரை போய்ச் சேர்ந்த ஒரு மாநிலத்தில், தாய்மொழியில் பத்து வரிக் கதை ஒன்று ஏன் இவ்வளவு தொலைவில் நிற்கிறது?

என் பதில் இது: எழுத்து முழுதும் வந்த பிறகுதான் சொல், சொல் வந்த பிறகுதான் வாக்கியம், வாக்கியம் வந்த பிறகுதான் புத்தகம் என்று நாம் வைத்திருக்கும் வரிசையே கோளாறு. தமிழ் எழுத்தின் இயல்பால் அந்த வரிசையின் முதற்படியே இரண்டு மூன்று ஆண்டுகளைத் தின்றுவிடுகிறது. அதுவரை சொற்களும் கதைகளும் வாசலில் காத்திருக்கின்றன.

எழுத்திலிருந்தே தொடங்கலாம். 247 என்று சொல்லிப் பிள்ளையை மிரட்டுவது பழைய வழக்கம். உண்மையில் மனத்தில் நிறுத்த வேண்டிய வடிவங்கள் அவ்வளவு இல்லை. உயிர் 12, மெய் 18, ஓர் ஆய்தம், உயிர்மெய்க் குறிகள், கொஞ்சம் கிரந்தம். கன்னடம், தெலுங்கு, இந்தி போலக் கூட்டெழுத்துகளின் தொல்லை நமக்கு இல்லை. புள்ளி வைத்து மெய்யைப் பிரித்துக் காட்டிவிடுகிறோம். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை போன்றவற்றின் தனி வடிவங்களை நீக்கியபோது விதிவிலக்குகள் இன்னும் குறைந்தன.

தொல்லை இருப்பது அந்தச் சீர்திருத்தம் தொடாத இடங்களில். கு, சு, டு, மு, ரு, து என்று உகரம் ஒவ்வொரு மெய்யோடும் ஒவ்வொரு விதமாக ஒட்டுகிறது. ஊகாரம் அதைவிட மோசம். கெ, கே, கை ஆகியவற்றில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது ககரத்தை. கொ, கோ வந்தால் குறி இரண்டு பக்கமும் நிற்கும். 'கெ' என்பதில் ஒற்றைக்கொம்பைப் பார்த்து 'எ' என்று தொடங்கிவிட்டுத் திணறும் பிள்ளையை எல்லா முதல் வகுப்பு டீச்சர்களும் பார்த்திருப்பார்கள். இதற்கெல்லாம் மேலே, கடல், தங்கம், பகல் மூன்றிலும் உள்ள அதே 'க' மூன்று விதமாக ஒலிக்கிறது. 'பேசத் தெரிந்த பிள்ளைக்கு அது தானாக வந்துவிடும்' என்பார்கள். வரும், அந்தச் சொல் முன்பே காதில் விழுந்திருந்தால். 'பகல்' என்ற சொல்லை அறிந்த பிள்ளை ப-க-ல் என்று கூட்டியதும் சரியான ஒலிக்குத் தாவிவிடுகிறது. அறியாத சொல்லில் தாவுவதற்கு இடம் இல்லை. தமிழில் எழுத்துக் கூட்டுவதற்கே சொல்வளம் வேண்டியிருக்கிறது என்பதை நம் பாடத்திட்டங்கள் போதிய அளவு கணக்கில் எடுத்ததில்லை.

கன்னடப் பிள்ளைகள் எழுத்து கற்கும் வேகத்தை ஆராய்ந்த சோனாலி நாக், 2007-இல் வெளியிட்ட கட்டுரையில் சொன்ன செய்தி இங்கே பொருந்தும். இருபத்தாறு எழுத்துள்ள மொழிகளில் எழுத்தறிதல் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. உயிரும் மெய்யும் சேர்ந்து நூற்றுக்கணக்கில் வடிவமெடுக்கும் இந்திய எழுத்துமுறைகளில் அது நான்காம் வகுப்புக்கும் நீள்கிறது. இது பிள்ளையின் மந்தமும் இல்லை, ஆசிரியரின் சோம்பலும் இல்லை, எழுத்துமுறையின் இயல்பு. தமிழுக்குக் கூட்டெழுத்து இல்லாததால் சுமை கொஞ்சம் குறையலாம். ஆனால் முதல் வகுப்பு முடிவதற்குள் உயிர்மெய் வரிசை முழுதும் முடிந்துவிடும் என்று திட்டம் போடுபவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

வாசிப்பு என்பதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னவர்கள் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள். 1986-இல் அவர்கள் முன்வைத்த கருத்துப்படி, எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிதல். கூட்டல் போடாமல் பெருக்கியதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டில் ஒன்று சுழியானால் மற்றது எவ்வளவு இருந்தும் விடை சுழிதான். பின்னாளில் வந்த ஆய்வுகள் இந்தச் சூத்திரத்தைப் பலவாறு விரித்திருக்கின்றன. அமெரிக்க அரசு அமைத்த தேசிய வாசிப்புக் குழு 2000-இல் ஒலியுணர்வு, எழுத்து-ஒலி உறவு, சரளம், சொல்வளம், புரிதல் என்று ஐந்தாகப் பிரித்தது. ஆனாலும் அடிப்படை அந்தப் பெருக்கல்தான்.

நம் வகுப்பறையில் இந்தக் கணக்குக்குள் சிக்காத ஒரு வகையும் உண்டு. ஆசிரியர் ஒரு வரி படிக்க, வகுப்பே திருப்பிச் சொல்லும் கூட்டு வாசிப்பில் தேறிவந்த பிள்ளை அது. பாடநூலின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தடையில்லாமல் ஒப்பிக்கும். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். பார்வையிட வரும் அதிகாரிக்கு இது வாசிப்பாகவே தெரியும். பாடநூலில் இல்லாத நான்கு வரியைக் கொடுத்தால்தான் குட்டு உடையும். அசர் தாளும் அதைத்தான் செய்கிறது.

சொல்வளத்தைத் தனியே வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளிகளில் நிகண்டை மனப்பாடம் செய்வித்தார்கள். தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள்வாரியாகத் தொகுத்து, ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களைச் செய்யுளில் அடக்கிய நூல்கள் அவை. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டைக் கற்காமல் அந்நாளில் தமிழ்ப் படிப்பு நகராது. பொருள் தெரியாமல் உருப்போட்டதை இன்று யாரும் வேண்டார். ஆனால் சொற்களை உறவுமுறையில் தொகுத்துக் கற்பித்த அந்தப் புத்தி நல்ல புத்தி. இன்றைய பாடநூலின் 'சொல்பொருள்' கட்டத்தில் அதுவும் இல்லை. 'வியப்பு - ஆச்சரியம்' என்று ஒரு வரி. பிள்ளை அதை நோட்டில் இரண்டு முறை எழுதும். தேர்வில் ஒரு மதிப்பெண் வாங்கும். அந்தச் சொல்லை அதன்பின் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லாது.

எந்தச் சொல்லைக் கற்பிப்பது என்ற கேள்விக்கு இசபெல் பெக்கும் அவருடைய இரு தோழியரும் 2002-இல் எழுதிய நூலில் சொன்ன பாகுபாடு ஆசிரியர்களிடையே பெயர்பெற்றது. வீட்டிலேயே கிடைத்துவிடும் சொற்கள் முதல் அடுக்கு. பாடத்துக்கே உரிய ஒளிச்சேர்க்கை, பின்னம், வட்டாட்சியர் போன்றவை மூன்றாம் அடுக்கு. அந்தப் பாடம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நடுவில் இருப்பவைதான் முக்கியம். தயங்கு, ஒப்பிடு, முயற்சி, பெரும்பாலும், ஏமாற்றம், அலட்சியம் போன்றவை. எந்தக் கதையிலும் எந்தப் பாடத்திலும் வரும். அன்றாடப் பேச்சில் அவ்வளவாக வராது. வாரத்துக்கு இப்படி ஏழெட்டுச் சொற்கள் போதும். ஆனால் பொருளைப் பிள்ளையின் பேச்சில் சொல்ல வேண்டும். 'தயங்குவது' என்றால், கிணற்றில் முதல் தடவை குதிக்கப் போகிறவன் விளிம்புவரை வந்துவிட்டு நிற்பானே, அது. 'நீ எப்போது தயங்கினாய்?' என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்க வேண்டும். மறுநாளும் மறுவாரமும் வேறு பேச்சில் அந்தச் சொல் திரும்பி வர வேண்டும். ஒரே நாளில் பத்து முறை எழுதுவதைவிடப் பத்து நாளில் ஒவ்வொரு முறை கேட்பது மேல்.

தமிழில் இதற்கு இன்னொரு வசதி இருக்கிறது. நம் சொற்கள் குடும்பம் குடும்பமாக வாழ்பவை. நட என்ற ஒரு வினையைப் பிடித்தால் நடை, நடத்து, நடப்பு, நடத்தை, நடவடிக்கை எல்லாம் பின்னால் வரும். நீர் என்றால் தண்ணீர், வெந்நீர், கண்ணீர், இளநீர், உமிழ்நீர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து 'நீர் குடும்பத்தில் யார் யார்?' என்று கேட்டால் கரும்பலகை நிரம்பிவிடும். செலவில்லாத வேலை.

இனி, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். ஃபெர்குசன் 1959-இல் இரட்டை வழக்கு பற்றி எழுதிய நாள்முதல் தமிழை ஓர் எடுத்துக்காட்டாகவே மொழியியலாளர்கள் சொல்லிவருகிறார்கள். மொழியியலாளருக்கு அது சுவையான செய்தி, ஆறு வயதுப் பிள்ளைக்குத் தலைவலி. 'பூன பாலக் குடிச்சிட்டு ஓடிருச்சு' என்பது அதற்குத் தெரியும். புத்தகத்தில் இருப்பது 'பூனை பாலைக் குடித்துவிட்டு ஓடிவிட்டது'. எழுத்தைக் கூட்டி முடித்த பிறகும், வந்த சொல் தான் அறிந்த சொல்தான் என்று கண்டுகொள்ள அது இன்னொரு தாவல் தாவ வேண்டும். 'உண்டான்', 'செல்கிறாள்', 'அழகிய' போன்றவை வீட்டில் யாரும் சொல்லாத சொற்கள். கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்த நடை காதில் பழகியிருக்கும். மற்றப் பிள்ளைக்கு முதல் வகுப்பில்தான் அறிமுகம்.

சிங்கப்பூரில் இதை நேராகவே எதிர்கொண்டார்கள். அங்கே தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு 2005-இல், பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் முறையாகக் கொண்டுவரப் பரிந்துரைத்தது. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பெருகிவிட்ட அந்த ஊரின் சிக்கல் வேறு. நமக்கு அப்படியே ஒத்துவராது. இங்கே பேச்சுத்தமிழுக்குப் பஞ்சமில்லை, மதிப்புத்தான் இல்லை. பிள்ளை தன் பேச்சில் ஒரு சம்பவத்தைச் சொல்ல, ஆசிரியர் அதைப் பலகையில் எழுத்துத்தமிழில் எழுதி, இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டினால் அந்தத் தூரத்தின் பாதி கடந்துவிடும். தான் சொன்னதே எழுத்தாக நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு அடுத்த வரியை ஊகிக்கவும் வரும்.

ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சொல் குறைவு என்று ஒரு பேச்சு உலகம் முழுதும் புழங்குகிறது. ஹார்ட், ரிஸ்லி இருவரும் அமெரிக்காவின் கேன்சஸ் பகுதியில் 42 குடும்பங்களைக் கவனித்து 1995-இல் எழுதிய நூல் அதன் ஊற்று. நான்கு வயதுக்குள் வசதியான வீட்டுப் பிள்ளையைவிட ஏழைப் பிள்ளை மூன்று கோடிச் சொற்களைக் குறைவாகக் கேட்கிறது என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. 42 குடும்பங்களை வைத்து உலகத்துக்கே கணக்குப் போட்டதை அப்போதே பலர் கேட்டார்கள். 2019-இல் ஸ்பெர்ரியும் குழுவினரும் சுற்றியிருக்கும் எல்லாருடைய பேச்சையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பெரிய இடைவெளி நிற்கவில்லை. தாய் மட்டுமே பேசும் வீடுகளை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு, பாட்டியும் சித்தியும் பக்கத்து வீட்டு அத்தையும் பேசிக்கொண்டே இருக்கும் தெருவுக்கு எப்படிப் பொருந்தும்?

நம் ஊர்ப் பிள்ளையிடம் சொல் இருக்கிறது. மடை, மதகு, வரப்பு, கண்மாய், களத்துமேடு என்று வயலோரப் பிள்ளைக்கு ஒரு பை நிறையச் சொல். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் திசையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கடலோரப் பிள்ளைக்கு வேறொரு பை. எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தார். அந்த அகராதியின் சொற்களோடு பள்ளிக்கு வரும் பிள்ளையை 'சொல்வளம் குறைந்தது' என்று பதிவேட்டில் குறிப்பது அநியாயம். அதனிடம் இல்லாதது புத்தகச் சொல். இரண்டுக்கும் நடுவே பாலம் போடுவது பள்ளியின் வேலை. அந்த வேலை நடக்காததற்கு வீட்டின் மேல் குற்றம் சொல்வது எளிது.

அளப்பதிலும் நம் மொழியின் இயல்பை மறந்துவிடுகிறோம். 2021 சூலையில் தொடங்கிய மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவில் பிள்ளை நிமிடத்துக்கு 60 சொற்களேனும் வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 'படித்துக்கொண்டிருந்தார்கள்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைப் பிரித்தால் மூன்று சொல்லாகிவிடும். ஒரே அளவுகோலால் இரண்டையும் அளந்தால் தமிழ்ப் பிள்ளை தோற்கத்தான் செய்யும். 2022-இல் மூன்றாம் வகுப்பினரிடம் 20 மொழிகளில் நடத்தப்பட்ட தேசிய அடிப்படைக் கற்றல் ஆய்வு, மொழிக்கு மொழி வெவ்வேறு வரம்புகளை வைத்தது நல்ல திருத்தம். ஆனால் மாவட்டக் கூட்டங்களில் இன்றும் கேட்கப்படுவது 'நிமிடத்துக்கு எத்தனை?' என்பதுதான். அதன் விளைவாகப் பிள்ளைகள் வேகமாக வாசிக்கப் பழகுகிறார்கள். வாசித்து முடித்ததும் 'கதையில் யார் அழுதார்?' என்று கேட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குகிறார்கள்.

புரிதலுக்குச் சொல் மட்டும் போதாது, உலகம் தெரிந்திருக்க வேண்டும். ரெக்ட், லெஸ்லி இருவரும் 1988-இல் செய்த சோதனை சின்னது, ஆனால் மறக்க முடியாதது. ஒரு பேஸ்பால் ஆட்டத்தை வர்ணிக்கும் பகுதியை மாணவர்களிடம் கொடுத்தார்கள். நன்றாக வாசிப்பவர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட, வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள் அதிகம் புரிந்துகொண்டார்கள். தமிழும் கணக்கும் வந்தால் போதும், சூழ்நிலையியலைப் பிறகு பார்க்கலாம் என்று கால அட்டவணையைச் சுருக்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நம் மாநிலம் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. எம்.பி. விஜயகுமார் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி அனுபவத்திலிருந்து பிறந்தது. 2007-08 வாக்கில் மாநிலமெங்கும் பரவியது. பாடத்தைப் பிரித்துத் தரும் அட்டைகள், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படிகள், பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை, பாயில் உட்காரும் ஆசிரியர். பிள்ளை தன் வேகத்தில் போகலாம் என்பதை அரசுப் பள்ளி முதல்முறையாக ஒப்புக்கொண்டது. அதற்காகவே அதைப் பாராட்டுவேன். அதன் குறை, மொழியைத் துண்டு துண்டாக அட்டையில் அடைத்தது. ஏணியில் ஏறும் அவசரத்தில், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு முழுக் கதையைக் கேட்கும் நேரம் ஒதுங்கிவிட்டது.

கொரோனாவுக்குப் பிறகு இரண்டு முயற்சிகள். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள், மாலை நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். அபிஜீத் சிங், மொரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழக ஊரகத்தில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வின்படி, பள்ளி மூடியதால் நேர்ந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்திலேயே மீண்டது. அந்த மீட்பில் கால் பங்குக்குச் சற்றே குறைவானது இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. ஒன்றரை மணி நேரம் கதையும் பாட்டும் விளையாட்டுமாகப் பக்கத்து வீட்டு அக்கா செய்த வேலை இது. இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தந்த கல்வித் திட்டத்தை நான் அதிகம் அறியேன்.

மற்றது 2022 சூன் 13 அன்று தொடங்கிய எண்ணும் எழுத்தும். முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்புவரை நீண்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து அவரவர் நிலையிலிருந்து தொடங்குகிறது. வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் கற்பித்தால் பலன் உண்டு என்பதை வட மாநிலங்களில் பிரதம் நடத்திய வாசிப்பு முகாம்கள் பலமுறை நிறுவியிருக்கின்றன. அந்த வகையில் இது சரியான வழி. ஆசிரியர்கள் சலித்துக்கொள்வது செயலியில் மதிப்பீடு பதிவேற்றும் வேலையைப் பற்றி. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில் ஒருவர் கைபேசியோடு மல்லுக்கட்டினால் மிஞ்சுவது ஒருவர்தான். அந்தச் சலிப்பு நியாயமானது.

இவற்றையெல்லாம்விட எனக்கு நம்பிக்கை தருவது 2023-இல் பள்ளிக் கல்வித் துறை கொண்டுவந்த வாசிப்பு இயக்கம். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் மெல்லிய புத்தகங்கள். ஒரு மூச்சில் முடித்துவிடக்கூடியவை. முடித்தேன் என்ற பெருமையைப் பிள்ளைக்குத் தருபவை. பாடநூலுக்கு இந்தப் பெருமை தர வராது, அது ஆண்டு முழுதும் முடியாத புத்தகம்.

மெல்லிய புத்தகங்களின் பலத்துக்கு உலகறிந்த சான்று பிஜித் தீவில் இருக்கிறது. வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் 1980-களின் தொடக்கத்தில் ஊரகப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் வகுப்புக்கு 250 கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஆங்கிலம் அந்தப் பிள்ளைகளுக்கு வேற்றுமொழி. சில வகுப்புகளில் ஆசிரியர் பெரிய எழுத்துப் புத்தகத்தைக் காட்டிச் சேர்ந்து வாசித்தார்; சிலவற்றில் பிள்ளைகள் தாமே மௌனமாக வாசித்தார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான பயிற்சிப் பாடம் படித்தவர்களைவிட இவர்களின் வாசிப்பு ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தது. கூடுதல் ஆசிரியர் இல்லை, கருவி இல்லை. புத்தகமும் அதற்கென ஒதுக்கிய அரைமணி நேரமும்தான்.

தமிழில் இப்படிக் கொட்டுவதற்குப் புத்தகம் உண்டா என்று கேட்கலாம். ஒரு காலத்தில் பள்ளி தராததை 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவும், 1972-இல் வந்த கோகுலமும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிரும் தந்தன. வாங்கும் வசதி உள்ள வீட்டுக்கும், அந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுக்கும். இன்று தூலிகாவின் படப் புத்தகங்கள், பாரதி புத்தகாலயத்தின் சிறார் நூல்கள், பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் விலையில்லாமல் கிடைக்கும் நூற்றுக்கணக்கான தமிழ்க் கதைகள், பள்ளிக் கல்வித் துறையின் 'ஊஞ்சல்' இதழ் எல்லாம் இருக்கின்றன. சரக்கு இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. தட்டுப்பாடு நடுநிலையில்தான். கூட்டி வாசிக்கத் தொடங்கிய, ஆனால் நீண்ட பத்தியைக் கண்டால் மிரளும் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு, உகர ஊகாரங்களை அளந்து போட்டு எழுதிய, அதே வேளையில் சுவை குறையாத கதை அரிது. அப்படி எழுதுவது நாவல் எழுதுவதைவிடக் கடினம். நம் பெரிய எழுத்தாளர்களில் அதைத் தமக்குரிய வேலையாக நினைத்தவர்கள் சிலரே.

இருக்கும் புத்தகமும் பல பள்ளிகளில் தலைமையாசிரியர் அறையில் பீரோவுக்குள் இருக்கிறது. கிழிந்தால், தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம். பயம் பொய்யில்லை. பிள்ளைகள் புழங்கும் புத்தகம் இரண்டு மூன்று ஆண்டில் கிழியத்தான் செய்யும். கிழியாத புத்தகம் யாரும் தொடாத புத்தகம். இருப்புப் பதிவேட்டிலிருந்து அதைக் கழிக்கும் வழியைத் துறை எளிதாக்கினாலே பாதிப் பூட்டுகள் திறந்துவிடும்.

எழுத்து வராத பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு என்பவர்களுக்கு: கேட்பதற்கு. முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து, நாள்தோறும் பதினைந்து நிமிடம், அவர்களால் தாமே வாசிக்க முடியாத ஒரு நல்ல கதையை ஆசிரியர் வாய்விட்டு வாசிக்கலாம். ஈராசிரியர் பள்ளிக்கு இதைவிட ஏற்ற முறை கிடையாது. சொல்லிக் காட்டுவதும் நல்லதுதான், ஆனால் வாசிப்பது வேறு. சொல்லும்போது பேச்சுநடை வந்துவிடும். வாசிக்கும்போதுதான் புத்தகநடை காதில் ஏறும். நடுவில் நிறுத்தி 'இனி என்ன ஆகும்?' என்று கேட்டால் போதும், கேள்வித்தாள் வேண்டாம். எழுத்துப் பாடம் அதன்பாட்டுக்குக் காலையில் நடக்கட்டும். ட, ப, ம என்று எளிய வடிவங்களை எடுத்துப் படம், மடம், பட்டம் என்று சொல் கட்டும் ஆசிரியர்களின் கைமுறை நல்ல முறை. உயிரெழுத்து வரிசையை முடித்துவிட்டுத்தான் மெய்க்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இதெல்லாம் செய்தும் எழுத்தில் திணறும் பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு டிஸ்லெக்சியா இருக்கலாம். சென்னையில் 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. ஆனால் இரண்டு ஆண்டு புத்தகமே காட்டாமல் விட்ட பிள்ளைக்கு அந்தப் பெயரை ஒட்டுவது அவசரம்.

ஆங்கில வழி வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் கட்டுரை நேர்மையாகாது. அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. பெற்றோர் விருப்பத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதன் காரணம் வேலைச் சந்தையில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெருக்கல் கணக்கை மறுபடி பாருங்கள். வீட்டில் ஒரு சொல் ஆங்கிலம் கேட்காத பிள்ளை, எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டாலும் மற்ற எண் சுழிக்கு அருகில்தான் நிற்கிறது. அது வாசிக்கும், புரியாது. தமிழில் புரிந்து வாசிக்க முதலில் கற்ற பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இரண்டாம் மொழிக்கும் உடன்வரும். ஆங்கில வழியில் சேர்த்த பெற்றோரும் வீட்டில் தமிழ்க் கதை வாசித்துக் காட்டுவதால் ஆங்கிலம் கெட்டுவிடாது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணையில், ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்கும் நூல்கள் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் பற்றிக் கேட்க நம் பெற்றோர் பழகிவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் இதையும் கேளுங்கள்: 'போன மாதம் எங்கள் பிள்ளைகள் எத்தனை புத்தகம் வீட்டுக்கு எடுத்து வந்தார்கள்?' பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.